தஞ்சாவூர் ஓவியம் கற்கலாமா? புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் சனி, ஞாயிறுகளில் தஞ்சாவூர் ஓவியம் சொல்லித்தருகிறேன். ஓ.டி. (கடலூர் முதுநகர்), நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாண்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். சேர்வதற்கு முன் போனில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்துவிட்டேன். என்னிடம்தான் சேர வேண்டும் என்றில்லை. யாரிடம் கற்றாலும், வீட்டில் தனியாக முயன்றாலும் இது உதவும்.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் சரியாக எது?

பலகையின் மேல் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பூச்சு பூசி, நகை, மண்டபம், திரைச்சீலை ஆகிய இடங்களை மக்கு (சுண்ணாம்புக்கல் தூளும் பிசினும் குழைத்த பசை) வைத்துப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, மீதி இடங்களில் வண்ணம் தீட்டுவது. பழைய பெயர் பலகைப் படம். நடுவில் தெய்வம் பெரிதாக, நேராக நம்மைப் பார்த்தபடி இருக்கும். சுற்றி வளைவும் தூண்களும் இருக்கும். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டும் என்ற கணக்கெல்லாம் இதில் கிடையாது. முக்கியமானவர் பெரியவர், அவ்வளவுதான்.

ராஜராஜ சோழன் காலத்துக் கலை என்கிறார்களே?

கடைக்காரர்கள் சொல்வார்கள். இல்லை. பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் சோழர் காலச் சுவரோவியங்கள் உண்டு. ஆனால் அவை சுண்ணாம்புப் பூச்சின் மேல் சுவரிலேயே தீட்டியவை. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் தீட்டிவிட்டதால் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. 1931-இல் அவற்றைக் கண்டறிந்து சொன்னவர் எஸ்.கே. கோவிந்தசாமி, நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காரர். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை வரத்தான் செய்யும்.

நாம் வரையும் பலகைப் படம் தஞ்சை மராட்டியர் ஆட்சியில், அதாவது 1676-லிருந்து 1855 வரையான காலத்தில், வளர்ந்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்தது. தெலுங்கு பேசும் ராஜு, நாயுடு குடும்பங்கள் பரம்பரையாகச் செய்துவந்தன.

பழைய கோடுகளைப் பார்க்க ஆசையிருந்தால் தஞ்சாவூர் வரைக்கும்கூடப் போக வேண்டாம். சிதம்பரம் சிவகாமசுந்தரி அம்மன் சன்னதி மண்டபத்தில் நாயக்கர் காலக் கூரை ஓவியங்கள் உள்ளன. விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலையில் ராஜசிம்ம பல்லவன் காலத்துப் பார்வதி ஓவியம் இருக்கிறது, குடைக்குக் கீழே உடலை ஒரு பக்கம் சாய்த்து நிற்பாள். தஞ்சாவூர் ஓவியத்துக்கும் இவற்றுக்கும் நேரடி உறவில்லை. ஆனால் கோடு எப்படி ஓட வேண்டும் என்று கண்ணுக்குப் பழகும்.

எனக்கு வரையவே வராது. பள்ளியில் மாங்காய் வரைந்தால் கத்தரிக்காய் என்பார்கள். கற்க முடியுமா?

முடியும். முதல் படத்துக்கு வரையத் தெரிந்திருக்கவே வேண்டாம். அச்சுப்படத்தைக் கார்பன் தாள் வைத்துப் பலகையில் இறக்குவோம். பரம்பரைக் கலைஞர்கள் வீடுகளிலும் தாளில் வரைந்த மாதிரிக் கோட்டுப்படங்களை வைத்துத்தான் இறக்குவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மக்கு வைத்ததும் கார்பன் கோடு மறைந்துவிடும், வண்ணம் பூசியதும் முகத்தின் கோடு மறைந்துவிடும். மறைந்த கோட்டைத் திரும்ப உங்கள் கைதான் போட வேண்டும். அங்கேதான் வரையத் தெரியாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன். தினமும் கால் மணி நேரம், ஒரு பக்கம் முழுக்க கண், இன்னொரு பக்கம் விரல். பென்சில் வேண்டாம், சின்ன பிரஷ்ஷும் கறுப்பு வண்ணமும் போதும். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வருகிறது. நான் பார்த்த வரையில், ‘வரையவே வராது’ என்று தயங்கி வந்த கோலக் கைகள், ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய கைகளைவிட மக்கு வேலையில் முந்திவிடுகின்றன. பரிசு வாங்கியவர்கள் முகத்தில் முந்துவார்கள். ஆளுக்கொன்று.

எத்தனை நாளில் ஒரு படம் முடியும்?

வாரம் இரண்டு நாள் வந்தால், முக்கால் அடிக்கு ஒரு அடி அளவுள்ள ஒரே உருவப் படம் இரண்டிலிருந்து மூன்று மாதம். ‘மூன்றே நாளில் தஞ்சாவூர் ஓவியம்’ என்ற விளம்பரங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மூன்று நாளிலும் முடிக்கலாம்தான். ஆயத்தப் பலகை, முன்பே வார்த்து வைத்த நகைகள், பித்தளை ரேக்கு, ஒரே பூச்சு வண்ணம் என்று வைத்துக்கொண்டால் முடியும். சுவரில் மாட்டினால் அழகாகவும் இருக்கும். ஆனால் உங்கள் கை கற்றது கொஞ்சம்தான்.

முதல் படமாக எதை எடுக்கலாம்?

எல்லோரும் ராமர் பட்டாபிஷேகம் கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து முகம் வரும் படம் அது. வேண்டாம். ஒற்றைப் பிள்ளையார் எடுங்கள். முகத்தில் பிசகினாலும் தும்பிக்கை காப்பாற்றிவிடும். இரண்டாவது, வெண்ணெய்த் தாழியோடு இருக்கும் குழந்தைக் கிருஷ்ணன். கொழுகொழு உடம்பில் நிழல் கொடுக்கப் பழகலாம். கஜலட்சுமியோ சரஸ்வதியோ மூன்றாவதாக. நான்கு கைகள், வீணை, புடவை மடிப்பு என்று அதில் வேலை கூடும்.

புதுச்சேரியில் இருப்பவர்கள் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய் உட்சுவர்களில் இருக்கும் பிள்ளையார் வடிவங்களை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அவை நம் பாணி அல்ல. ஆனால் ஒரே தும்பிக்கையை எத்தனை விதமாக வளைக்கலாம் என்பது புரியும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

பலகை, சுக்கான் தூள் (மக்குக்கான சுண்ணாம்புக்கல் தூள்), சாக்குத் தூள் (சாக் பவுடர்), பெவிகால், வேலம்பிசின், உப்புத்தாள், கார்பன் தாள், கல், தங்க ரேக்கு, போஸ்டர் கலர் அல்லது அக்ரிலிக் வண்ணம், பிரஷ்கள். பிரஷ்ஷில் மூன்று சைபர் (000), ஒன்று, நான்கு என்று மூன்று எண்களில் இருந்தால் ஆரம்பிக்கலாம். மூன்று சைபர் மட்டும் நல்லதாக வாங்குங்கள், நுனி பிரிந்தால் கண் எழுத முடியாது.

ரூபாயில் எழுதினால் தங்கம் விலை ஏறுகிற வேகத்தில் இந்தப் பக்கம் ஒரே மாதத்தில் பொய்யாகிவிடும். தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அசல் ரேக்கு போட்டால் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகும், மீதியில் பெரும்பங்கு படத்துக்குப் போடும் சட்டத்துக்கு. நாள் கணக்கில் உங்கள் உயிரை வாங்கப்போகிற சுக்கான் தூளுக்கும் பிசினுக்கும் ஆகிற காசு, பஸ் டிக்கெட் காசுதான்.

வண்ணம், பிரஷ், கார்பன் தாளுக்கு எந்த ஸ்டேஷனரிக் கடையும் போதும். பாண்டி நேரு வீதி, கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எல்லாம் கிடைக்கும். வேலம்பிசின் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள், கட்டியாகத் தருவார்கள். ரேக்கும் கல்லும் ஆன்லைனில் வரவழைக்கலாம் அல்லது தஞ்சாவூர், சென்னை போகும்போது வாங்கி வரலாம்.

‘கிட்’ (எல்லாப் பொருளும் சேர்த்து விற்கும் பெட்டி) வாங்கலாமா?

ஒரே ஒரு தடவை, பிடிக்கிறதா என்று பார்க்க, வாங்கலாம். இரண்டாவது கிட் வாங்குகிறவர்களை நான் திட்டுவேன்.

பண்ருட்டிக்காரன் நான். பலாப் பலகையில்தான் வரைய வேண்டும் என்கிறார்களே, எங்கள் ஊர் மரத்தையே எடுக்கலாமா?

உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆமாம், பழைய படங்களுக்குப் பலா, தேக்குப் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். பண்ருட்டிப் பலாவுக்குத் தஞ்சாவூரில் வேறொரு மரியாதையும் உண்டு. அங்கே வீணை செய்கிறவர்கள் இந்தப் பக்கத்து மரத்தைத் தேடி வருவார்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தபோது முந்திரியோடு பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது விழுந்த மரத்தில் அறுத்த ஒரு பலகை எனக்குக் கிடைத்தது. தேன் நிறம், தட்டினால் கணீரென்று ஒரு ஓசை. அதில் ஒரு அன்னபூரணி வரைந்தேன்.

வரைந்த மூன்றாம் வருடம் பலகை நடுவில் லேசாகக் குழிந்தது. மக்கில் குறுக்காக ஒரு விரிசல், சரியாக அம்மன் கையில் இருக்கும் கரண்டியின் மேல். மரத்தின் மேல் குற்றமில்லை. நன்றாக ஆறப்போடாத மரம், அதை அவசரப்பட்டு எடுத்தது நான். அறுத்த பலகையை நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, வருடக்கணக்கில் உலரவிட வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் பலாவில் வரையுங்கள், அதைப்போல ஒன்று கிடையாது. இல்லையென்றால் பிளைவுட். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது எளிதில் வளையாது. கடலோரத்தில் இருக்கிறோம், அதனால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் கேட்டு வாங்குங்கள். மரக்கடையில் வெட்டுத் துண்டாகக் கிடைத்தால் மலிவு.

பிளைவுட்டின் மேல் துணி ஒட்ட வேண்டும். துவைத்துக் கஞ்சி போக்கிய காடாத் துணி நல்லது. அந்தக் காலத்தில் புளியங்கொட்டைப் பசை, இப்போது பெவிகால். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போங்கள், ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. உலர்ந்ததும் சாக்குத் தூளும் பெவிகாலும் தண்ணீரும் சேர்த்துத் தோசைமாவுப் பதத்தில் கரைத்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் குறுக்கே இன்னொரு பூச்சு. இப்படி நாலைந்து. அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியாக வழவழப்பான கூழாங்கல்லால் இழைக்க வேண்டும். விரலை ஓடவிட்டால் பீங்கான் தட்டுப் போல இருக்க வேண்டும். தேய்க்கும்போது மூக்கில் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

புளியங்கொட்டைப் பசைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: பூச்சி அரிக்கும். பைண்டிங் கடைக்காரர்கள் பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவது போல நீங்களும் போடுங்கள். அது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மக்கு வெடிக்கிறது, உதிர்கிறது, ஓட்டை விழுகிறது. என்ன தப்புச் செய்கிறேன்?

போனில் பாதிக் கேள்விகள் இதுதான். தங்கம் ஒட்டத்தான் எல்லோரும் ஆசைப்பட்டு வருகிறார்கள். தங்கம் ஒரு நாள் வேலை. படம் பிழைப்பதும் கெடுவதும் மக்கில்தான்.

சுக்கான் தூளை மெல்லிய துணியில் இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள். வேலம்பிசினை முந்தின நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வடிகட்டுங்கள். மரத்தூள், மணல் எல்லாம் இருக்கும். தூளில் பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். அளவு கேட்காதீர்கள், தூளுக்குத் தூள், பிசினுக்குப் பிசின் மாறும். பதம் பாருங்கள். பிரஷ் நுனியில் எடுத்துப் பலகையில் ஒரு பொட்டு வைத்தால் அது பொட்டாகவே நிற்க வேண்டும். பரவினால் தண்ணீர் அதிகம். நுனியில் வால் இழுத்தால் கெட்டி.

காய்ந்த பிறகு வெடித்தால், பிசின் கூடிவிட்டது, அல்லது ஒரே தடவையில் தடிமனாக வைத்துவிட்டீர்கள், அல்லது வெயிலில் காயவைத்தீர்கள். வெயிலில் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். உள்ளேயும் காய்ந்து சுருங்கும்போது மேலே கிழிகிறது. நிழலில்தான் காய வேண்டும். தொட்டால் விரலில் மாவாக ஒட்டினால் பிசின் குறைவு. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள், மேலே பெவிகால் தடவிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊசித் துளைகள் விழுந்தால், வேகமாகக் கலக்கிக் காற்றை உள்ளே அடைத்துவிட்டீர்கள். குழைத்த பிறகு ஈரத்துணி மூடி அரை மணி நேரம் சும்மா விடுங்கள்.

உயரம் வேண்டிய இடத்தில் மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஆரம், ஒட்டியாணம் போன்ற நேர்க்கோடுகளுக்கு மருதாணிக் கோன் மாதிரி செய்து பிழியலாம். முத்துச் சரத்துக்குப் பிரஷ் நுனிதான். ஒரே அளவில் ஐம்பது பொட்டு வைக்க வரும்வரை தனிப் பலகையில் பழகுங்கள். எனக்குக் கற்றுத்தந்தவர் ஒரு மாதம் முழுக்கப் பொட்டு மட்டும்தான் வைக்கச் சொன்னார். அப்போது மனதுக்குள் திட்டினேன், இப்போது நானும் அதையே செய்கிறேன்.

கல் முதலிலா, மக்கு முதலிலா?

கல் முதலில். பெவிகாலில் கல்லை உட்காரவைத்து, அதைச் சுற்றி மக்கால் கரை கட்டுங்கள். கரை கல்லின் விளிம்பை மயிரிழை அளவு கவ்வினால் கல் விழாது. ஜெய்ப்பூர்க் கல், கெம்பு இரண்டும் கிடைக்கும். சிவப்பும் பச்சையும் வெள்ளையும் போதும். கண்ணில் பட்ட கல்லையெல்லாம் ஒட்டினால் நகைக்கடை விளம்பரம் ஆகிவிடும்.

மழைக்காலத்தில் வகுப்பு உண்டா?

உண்டு. ஆனால் மக்கு வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் அப்பளமே நமத்துப்போகிறது, மக்கு எப்படிக் காயும்? மேலே காய்ந்தது போல இருக்கும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருக்கும். அதனால் என் வகுப்பில் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தை முதல் பலகையும் மக்கும். சித்திரை, வைகாசியில் அனல் காற்று அடிக்கும், அப்போது மக்குச் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், எனவே காலையில் மட்டும் வேலை. மழைக்காலம் முழுக்க நோட்டு, கண், விரல், வண்ணம் குழைப்பது. வடகிழக்குப் பருவமழை இல்லாத ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இதெல்லாம் இருக்காது. ‘24 மணி நேரம் காயவிடவும்’ என்று போட்டிருக்கும். நம் ஊர் நவம்பரில் அந்த 24 மணி நேரம் ஒரு வாரம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது முக்கால்வாசி முடிந்த ஒரு கஜலட்சுமியைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்திருந்தேன். மாடிதானே, தண்ணீர் வராது என்ற தைரியம். ஜன்னல் இடுக்கில் அடித்த சாரல் சுவர் வழியாக இறங்கி, கீழ் ஓரத்து மக்கை ஊறவைத்துவிட்டது. வேலம்பிசின் தண்ணீரில் கரையும் என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவளுக்கே இந்தக் கதி. தாமரைப் பீடம் முழுவதையும் சுரண்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து எந்தப் பலகையும் தரையில் இல்லை, எல்லாம் பரண் மேல்.

தங்க ரேக்கு அசல்தான் வேண்டுமா?

கற்கும்போது வேண்டாம், வீட்டில் மாட்டும் படத்துக்கு வேண்டும். வழக்கமாக 22 காரட் ரேக்கு. போலி என்பது பெரும்பாலும் பித்தளை. புதிதில் அசலைவிட அதிகமாகவே ஜொலிக்கும், ஏமாறுவது அங்கேதான். உப்புக்காற்று பட்டால் மங்கி, ஓரத்தில் கறுக்கும். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வீட்டில் போலி ரேக்குப் படம் ஒன்று இரண்டே வருடத்தில் பழைய செம்புக் குடம் மாதிரி ஆனதைப் பார்த்திருக்கிறேன். அசல் தங்கம் அப்படிக் கறுக்காது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டைத் தெரிந்த பத்தரிடம் கொடுத்தால் உரைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஒட்டும் முறை: மின்விசிறியை நிறுத்துங்கள், இதை மறந்தவர்கள் தங்கத்தை அறை முழுக்கத் தேடியிருக்கிறார்கள். பிசினை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் ரேக்கு சுருங்கும். அளவாக வெட்டிய துண்டை வைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். பிறகு பிரஷ்ஷின் பின்நுனியால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் மெதுவாக அழுத்தினால் மக்கின் வடிவம் மேலே எழும். கல்லின் மேல் ஒட்டியதைக் கத்தி நுனியால் வட்டமாகக் கீறி எடுங்கள். வெட்டிய துணுக்குகளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள், இடுக்குகளை அடைக்க அதுதான்.

வண்ணத்தில் எதை முதலில் தீட்டுவது? கண் எப்போது?

பின்னணி முதலில், சிவப்போ பச்சையோ நீலமோ, நிறைவாக. பிறகு உடை, பிறகு உடல், கடைசியாகக் கோடுகள். வண்ணம் ரேக்கின் மேல் பட்டால் உடனே ஈரப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

உடல் நிறத்தில் ஒரு சின்னத் தகவல். குழந்தைக் கிருஷ்ணன் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். பழைய தஞ்சாவூர்ப் படங்களில் வெள்ளை வெளேரென்ற கிருஷ்ணர்கள் ஏராளம்.

முகம்தான் எல்லாமே. ஓரங்களில் அடர்த்தியான நிழல் தொடங்கி, உள்ளே வர வர வெளுக்க வேண்டும், எங்கே நிழல் முடிந்தது என்று தெரியக் கூடாது. கறுப்பைக் கலந்து நிழல் செய்யாதீர்கள், முகம் அழுக்காகிவிடும். செம்மண் நிறம் கலந்து பாருங்கள். கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். இரண்டு கண்ணையும் ஒரே அமர்வில், அதே நாற்காலியில், காலை வெளிச்சத்தில் எழுதிவிடுங்கள். ஒரு கண் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனவர்களின் படங்களில் அம்மன் லேசாக மாறுகண்ணாகப் பார்ப்பாள். முதலில் இரண்டு மேலிமைக் கோடுகள், பிறகு இரண்டு கீழிமைகள், கடைசியில் இரண்டு பாப்பாக்கள் என்று ஜோடியாகவே போங்கள். மனசு சரியில்லாத நாளில் கண் எழுதாதீர்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை, கை நடுங்கும், அவ்வளவுதான்.

அசைவம் சாப்பிட்டுவிட்டு வரையலாமா? மாதவிலக்கு நாட்களில்? நான் கிறிஸ்தவர், சேரலாமா?

மூன்றையும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், சத்தமாகவே பதில் சொல்கிறேன். விரதமிருந்து வரைபவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் மனம். என் வகுப்பில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், எண்ணெய்க் கை பட்ட இடத்தில் ரேக்கு ஒட்டாது. பெண்கள் எந்த நாளும் வரலாம்.

மதம் தடையில்லை. தஞ்சாவூர் ஓவியர்கள் மராட்டிய மன்னர்களையும் வரைந்தார்கள், வெள்ளைக்காரர்களுக்காக நெசவாளி, குயவர், பாம்பாட்டி என்று தொழில் செய்யும் மனிதர்களையும் வரைந்து கொடுத்தார்கள். பாண்டியிலிருந்து வரும் ஒரு அம்மா வேளாங்கண்ணி மாதா வரைந்தார். கிரீடத்து மக்கு வேலையில் வகுப்பிலேயே அதுதான் முதல்.

மைசூர் ஓவியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மைசூரில் புடைப்புத் தாழ்வாக, ஏறக்குறைய தட்டையாக இருக்கும். கல் பதிப்பது வழக்கமில்லை. கோடுகள் இன்னும் மென்மை. பொறுமை அதிகமிருந்தால் அது.

வேறு எங்கே கற்கலாம்?

ஓவியத்தையே படிப்பாக எடுக்க நினைக்கும் பிள்ளைகளுக்குப் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. அங்கே நுண்கலையில் பட்டமே வாங்கலாம். சின்னக் குழந்தைகளை நேராகத் தஞ்சாவூர் ஓவியத்தில் தள்ளாதீர்கள். முதலில் ஜவகர் சிறுவர் இல்லம் போன்ற இடத்தில் சும்மா வரையட்டும், சுக்கான் தூளோடு போராட வயது இருக்கிறது. முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள், கையால் வேலை செய்கிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பாடம்.

யூடியூப் பார்த்துக் கற்க முடியுமா என்றால், ரேக்கு ஒட்டுவதைக் கற்கலாம். மக்கின் பதத்தை விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வரைந்து விற்கலாமா?

முதல் ஐந்து படத்தை விற்காதீர்கள், சொந்தக்காரர்களுக்கு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுங்கள். அவர்கள் வீட்டில் அது என்ன ஆகிறது என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்ப் பார்க்கலாம், அதைவிட நல்ல சோதனை இல்லை. அதற்கப்புறம் விற்பதானால் உண்மையைச் சொல்லி விற்றுவிடுங்கள்: என்ன பலகை, என்ன ரேக்கு, யார் வரைந்தது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதனால் நான் என் படங்களின் பின்புறத்தில் ‘தஞ்சாவூர் பாணியில் கடலூரில் வரைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

சட்டம் எப்படிப் போடுவது, எங்கே மாட்டுவது?

தேக்குச் சட்டம், முன்னால் கண்ணாடி. கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது, நடுவில் பட்டி வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் மூடிவிடுங்கள், ஆனால் வெளிச்சுவரில் ஒட்டினாற்போல மாட்டாதீர்கள். மழையில் ஈரம் ஊறும் சுவராக இருந்தால் சட்டத்தின் பின் நான்கு மூலையிலும் சின்ன மரத்துண்டு ஒட்டினால் காற்று போய் வரும். பூஜை அறையில் மாட்டுவதானால் விளக்குப் புகையும் கற்பூரமும் நேராகப் படாத சுவர்.

பாட்டி வீட்டில் பழைய தஞ்சாவூர்ப் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. கறுத்து, ஓரம் உதிர்கிறது. துடைத்துப் புது ரேக்கு ஒட்டட்டுமா?

தொடாதீர்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம், பழைய மக்கும் வண்ணமும் தண்ணீரில் கரைந்துவிடலாம். பழைய வெள்ளை வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், எனவே உதிர்ந்த தூளை வெறும் கையால் அள்ள வேண்டாம். படத்தை நிமிர்த்தாமல் படுக்கைவசமாக வைத்து, உதிர்ந்த துண்டுகளை ஒரு உறையில் போட்டு அதனோடேயே வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள், பின்பக்கத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் அதையும். பிறகு அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை பருத்தித் துணியால் மூடி, பரண் மேல் வையுங்கள், மழைத்தண்ணீர் படாத பக்கமாக.